ஒப்பனைக்கோ மாணவர் மன்றம்?

மாணவர் மன்றம் எதற்காக? ஆண்டு விழாவிலே மாலை ஏந்தவும், விருந்தினர் வருகையிலே வரிசையாய் நிற்கவுமா? “படிக்கும் வயதிலே பொறுப்பெதற்கு, உரிமைக்குரல் எதற்கு?” என்று கேட்போர் உளர். அவர்கட்கு விடையளித்தார் பதினாறே வயது நங்கை ஒருவர்!

அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்திலே, பார்ம்வில் நகரிலே, கறுப்பின மாணவர்க்கென ஒதுக்கப்பட்டிருந்தது மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 180 பேருக்கெனக் கட்டிய இடத்திலே 450 பேர் அடைபட்டுக் கிடந்தனர். தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளே கூடுதல் வகுப்பறைகள்! பெற்றோர் முறையிட்டனர், பயனில்லை.

மாணவர் மன்றத்திலும் நாடகக் குழுவிலும் இடம்பெற்றிருந்த பார்பரா ஜான்ஸ், 1951 ஏப்ரல் 23 அன்று மாணவரைத் திரட்டினார், மேடையேறி முழங்கினார். பள்ளியே திரண்டு வெளியேறிற்று! முதலிலே கேட்டது நல்லதொரு கட்டடம். வழக்குரைஞர் துணை கிட்டியதும், நிறத்தால் மாணவரைப் பிரிக்கும் முறையே ஒழிக என்று கோரிக்கை ஓங்கிற்று. 1954-இல் அம்முறையை வீழ்த்திய ‘பிரௌன்’ தீர்ப்பிலே அடங்கிய ஐந்து வழக்குகளுள் இவர்கள் வழக்கும் ஒன்று.

ஆதிக்கம் அடங்கிற்றா? இல்லை! நிறம் கலந்து கற்பிக்க மனமின்றி, 1959 முதல் 1964 வரை அவ்வட்டாரத்துப் பொதுப் பள்ளிகளையே பூட்டி வைத்தது! மாணவர் குரலுக்கு அத்துணை அச்சம்!

எனவே, மன்றம் அமைப்போரே! தேர்தல் மட்டும் நடத்தி ஓயாதீர். தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஒழுகும் கூரையைச் சுட்டிக்காட்டும்போது செவிசாய்ப்பீர். கேளாச் செவியினர் நடத்தும் பள்ளியிலே, வாய் திறவா மன்றம் எதற்கு?