ஏர்கான் பொருத்தும் நாளில் அறிவியல் பாடமும் துணைக்கு வரட்டும்

உங்கள் வீட்டுக் குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. அறையில் உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். கிணற்று நீரைப் பம்பு மேலே இறைப்பதைப்போல், குளிர்ந்த அறையிலிருந்து சூடான வெளிப்புறத்துக்கு வெப்பத்தை இறைப்பதால் இதற்கு 'வெப்பப் பம்பு' என்று பெயர். குளிர் நாடுகளில் இதே கருவியை எதிர்த்திசையில் இயக்கி வீட்டைச் சூடாக்குகிறார்கள்.

ஒரு சிறு கணக்கு. படுக்கையறைக்கான 9,000 பிடியு குளிரூட்டி ஒன்று நொடிக்குச் சுமார் 2.6 கிலோஜூல் வெப்பத்தை, அதாவது 2.6 கிலோவாட் அளவில், வெளியேற்றுகிறது. அதற்கு அது 0.65 கிலோவாட் மின்சாரம் எடுத்துக்கொண்டால், செலவழித்ததைப்போல் 4 மடங்கு வெப்பத்தை இடம் மாற்றுகிறது. வெளிக்கருவி கொட்டும் வெப்பமோ இரண்டின் கூட்டுத்தொகை, 3.25 கிலோவாட். ஆற்றல் அழிவதில்லை என்று வகுப்பில் படித்தீர்களே, அது இங்கேயும் உண்மை.

இந்த அருமையான கருவியை வாங்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? எந்த நிறுவனம், என்ன விலை, என்றைக்கு வந்து பொருத்துவார்கள்? இந்த மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எப்படிப் பொருத்தப்போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் மாணவர்களாகிய நீங்கள்தான் என்பது என் கருத்து.

முதலில் அளவு. 'பெரிதாகப் போட்டால் சீக்கிரம் குளிரும்' என்பார்கள். ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் மிகுதி. அறைக்குத் தேவையானதைவிட மிகப் பெரிய கருவி விரைவில் வெப்பநிலையைக் குறைத்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள நீராவியைப் போதிய அளவு நீராக்கி வெளியேற்ற அதற்கு நேரம் இருக்காது. அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பு போகாது. எனவே அறையின் நீள அகலத்தை அளந்து, மாலை வெயில் படும் சன்னல் எது என்பதையும் குறித்து வையுங்கள். இதுவே முதல் ஆயத்தம்.

அடுத்தது மின்சாரம். பழைய வீவக வீடுகள் சிலவற்றின் முதன்மை மின்சுற்று 30 ஆம்பியர் மட்டுமே. அதை 40 ஆம்பியராக உயர்த்தாமல் பல அறைகளுக்குக் குளிரூட்டி போடுவது ஆபத்து. கருவிக்குத் தனி மின்சுற்று வேண்டும். அந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டும். நீட்டிப்புக் கம்பியில் செருகிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், மின்னோட்டம் கூடும்போது கம்பி சூடாகும் என்ற பாடத்தை நினைவுபடுத்துங்கள்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத வாயு. இப்போதைய குளிரூட்டிகள் பலவற்றில் ஆர்32 என்ற குளிர்பதனப் பொருள் இருக்கிறது. இது இலேசாகத் தீப்பற்றக்கூடியது. அதனால் குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கக்கூடாது, வேலை நடக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், அருகே நெருப்பு கூடாது. மேலும், 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்32, 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்கும். பழைய கருவிகளில் உள்ள ஆர்410ஏ அதைப்போல் 3 மடங்கு. இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க உலக நாடுகள் 2016ல் கிகாலியில் உடன்பட்டன. பழைய கருவியைக் கழற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிட்டால், அந்த உடன்பாடு நம் சன்னலோரத்திலேயே தோற்றுப்போகும். உருளையில் சேகரித்துக்கொண்டு போகிறார்களா என்று கேளுங்கள்.

புதுக் குழாய்களைப் பொருத்தியதும் வெற்றிடப் பம்பைக் கொண்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். ஈரம் தங்கினால் எண்ணெயுடன் சேர்ந்து அமிலமாகி, அமுக்கியை அரித்துவிடும். இதற்குக் கால் மணி, அரை மணி நேரம் பிடிக்கும். அவசரத்தில் முதலில் கைவிடப்படும் வேலை இதுதான். அதைக் கைவிடத் தூண்டுவது பெரும்பாலும் நாம்தான். இருப்பதிலேயே குறைந்த விலையைத் தேடி, 'இன்னும் முடியவில்லையா?' என்று நச்சரிப்பவர்கள் நாம்.

இறுதியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது உயிர். பல அறைகளுக்கான வெளிக்கருவி 40 கிலோவையும் தாண்டலாம். பத்தாவது மாடிச் சன்னலுக்கு வெளியே அதைத் தாங்குவது துருப்பிடிக்காத எஃகுத் தாங்கியாக இருக்க வேண்டும். பொருத்துபவர் அதற்கெனப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் இவை வெறும் அறிவுரைகள் அல்ல, விதிமுறைகள். வெளியே எட்டி வேலை செய்பவர் பாதுகாப்பு வார் அணிந்திருக்கிறாரா? கீழே நடைபாதையில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா? அவரும் ஒரு குடும்பம் காத்திருக்கும் மனிதர்.

'இது பெரியவர்கள் விவகாரம், பிள்ளைகள் ஏன் தலையிட வேண்டும்?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கருவியைத் தொடவோ வேலைக்காரரை அதட்டவோ நான் சொல்லவில்லை. ஆனால் வெப்பம், மின்னோட்டம், அழுத்தம் ஆகியவற்றை இந்த ஆண்டு படித்துக்கொண்டிருப்பவர் வீட்டில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அப்பாவும் அம்மாவும் விலையைப் பேசும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பணிவாக நான்கு கேள்விகள் கேட்பது தலையிடுவது ஆகாது. தேர்வுக்காக மட்டும் படித்தது அன்றைக்கு வீட்டுக்குப் பயன்படும்.

அந்த நாளுக்கு முன்பே கட்டிலையும் மேசையையும் நகர்த்தி இடம் ஒதுக்குங்கள். தம்பி தங்கையை வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிடப் பம்பு ஓடும் அந்த அரை மணி நேரம் பொறுமையாக இருங்கள். வேலை செய்பவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, 'அண்ணே, மெதுவாகவே செய்யுங்கள்' என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் குளிர்ச்சி பல ஆண்டு நிலைப்பதும் அவர் பத்திரமாக வீடு திரும்புவதும் அந்தப் பொறுமையைப் பொறுத்தவை.