பதினெட்டாம் பிறந்தநாள்: எழுதப்பட வேண்டிய புதினம்

வளரிளம் பருவத்தினரின் பிறந்தநாளை மையமாகக் கொண்ட புதினங்கள் ஆங்கிலத்தில் மிகுதி. பதினாறோ பதினெட்டோ நிறையும் நாளில் கதை தொடங்கும்; விருந்தும் பரிசும் நட்பில் விழும் விரிசலும் அதனை நடத்திச் செல்லும். தமிழில் சிறுவர் கதைகளும் பெரியோர்க்கான புதினங்களும் பல உள்ளன. இடைப்பட்ட வயதினர்க்கு எழுதப்பட்டவை சிலவே. அக்குறையை நீக்க முனைவோர், அயல்நாட்டு விருந்தைத் தமிழில் மீண்டும் பரிமாற வேண்டுவதில்லை. அந்நாள் ஒருவர் வாழ்வில் மெய்யாக எதனை மாற்றுகிறது என்பதே கதைக்குரிய பொருள்.

இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளத்தை எண்ணிப் பார்க்கலாம். ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த மலையூர் அது. இம்மலைப்பகுதித் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல உழைக்கின்றன. 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் தங்கியுள்ள தொழிலாளிக்கும் குடும்பத்தார்க்கும் குடியிருப்பு அளிக்கும் கடமையை உரிமையாளர்மேல் சுமத்தியது. குடும்பம் என்பதற்கு அது வகுத்த பொருளில், பிள்ளைகள் 18 வயது நிறையும் வரையே இடம்பெற்றனர். வாக்குரிமை வயதை 21 இலிருந்து 18 ஆகக் குறைத்த அரசமைப்பின் 61 ஆவது திருத்தமோ 1989 இல் நடைமுறைக்கு வந்தது. வாக்குரிமை வரும் அதே பிறந்தநாளில், சட்டக் கணக்கில் லயத்து வீட்டின் மீதான உரிமை நீங்கிற்று. தோட்ட வேலையில் சேர்ந்தால் வீடு நிலைக்கும் என்று பெற்றோர் எண்ணலாம். கல்லூரிக் கனவு பிள்ளையை வேறு திசையில் இழுக்கலாம். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு நல்ல புதினத்திற்கு இதனினும் வலிய முரண் வேண்டுமா?

இத்தகைய கதைகள் இளையோரைச் சோர்வுறச் செய்யும் என்பர் சிலர். நாள்தோறும் காணும் வாழ்க்கையை நூலில் மட்டும் மறைப்பதால் பயன் இல்லை. தம் இடர் எழுத்தில் இடம்பெறக் காணும் இளைஞர், அது தமக்கு மட்டும் நேர்ந்ததன்று என்று தெளிவர்.

எழுதுவதற்கு முதுமை வரக் காத்திருக்கவும் வேண்டா. ரஸ்கின் பாண்ட் தம் 17 ஆம் வயதில் எழுதிய ‘தி ரூம் ஆன் த ரூஃப்’ 1956 இல் நூலாக வெளிவந்து, ஜான் லூவெலின் ரைஸ் பரிசைப் பெற்றது. டேராடூனில் பாதுகாவலரின் வீட்டைவிட்டு வெளியேறும் பதின்பருவ இளைஞனின் கதை அது.

ஏலத்தோட்டத்துப் பதினெட்டாம் பிறந்தநாளை எழுதவல்லவர், அம்மலையின் வகுப்பறை ஒன்றில் இன்று அமர்ந்திருக்கக்கூடும். வீட்டில் பேசும் மொழியைப் பிழையற எழுதவும் அவர் கற்றாக வேண்டும். தமிழ் அங்கே விருப்பப் பாடமாகவேனும் நிலைத்திருக்க வேண்டியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.