பிளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவி லீஸ்: சம்பளம் 12.75 லட்சத்துக்குள்ளன்னா யோசிக்கவே வேண்டாம்!



திண்டிவனத்துல வீடு, மகேந்திரா சிட்டியிலயோ பாண்டிச்சேரியிலயோ வேலை. அப்பா, அம்மா, குழந்தைன்னு எல்லாரும் ஒண்ணா போக ஒரு பெரிய வண்டி வேணும். அந்த நேரம் பார்த்து எச்.ஆர்.கிட்ட இருந்து மெயில் வருது: "கார் லீஸ் பாலிசி இருக்கு, டேக்ஸ் மிச்சம்." உடனே யூடியூப்ல பிளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவி ரிவ்யூ தேட ஆரம்பிச்சிடறோம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு இந்த வண்டியும் ஒத்து வராது, இந்த லீஸும் ஒத்து வராது.

முதல்ல வண்டி

இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாராவுல வர்றது ஸ்ட்ராங் ஹைபிரிட். பேட்டரி ஓடும்போதே தானா சார்ஜ் ஆகிடும். பிளக்-இன்ல பேட்டரி பெருசு, வீட்டுல சொருகி சார்ஜ் போடணும். பொதுவா 40 முதல் 80 கிலோமீட்டர் வரை கரண்ட்ல ஓடும். அதுக்கப்புறம் பெட்ரோல்தான், கூடவே அந்தப் பேட்டரியோட எடையையும் சுமக்கணும்.

திண்டிவனத்துல இருந்து பாண்டிச்சேரி ஒரு வழி சுமார் 40 கிலோமீட்டர். சென்னை சுமார் 120. ஆத்தூர் டோல், பரனூர் டோல் தாண்டறதுக்குள்ள சார்ஜ் காலி. ஐரோப்பாவுலயே இதான் நடந்தது. அங்க பிளக்-இன் வண்டிகள் ரோட்டுல விடற கார்பன், ஆய்வகக் கணக்கைவிட சராசரியா 3.5 மடங்குன்னு ஐரோப்பிய ஆணையம் 2024-ல சொல்லுச்சு. மக்கள் எதிர்பார்த்த அளவுக்கு சார்ஜ் போட்டு ஓட்டலைங்கறதுதான் முக்கியக் காரணம்.

விலையையும் பாருங்க. இங்க விற்பனைக்கு வந்த வால்வோ எக்ஸ்சி90 டி8 பிளக்-இன் ஒரு கோடிக்கு மேல!

இப்போ லீஸ்

லீஸ்ல கார் உங்க பேருல இருக்காது. மாச வாடகை உங்க சிடிசியில இருந்து வரிக்கு முன்னாடியே கழியும். பதிலுக்கு ஒரு சின்னத் தொகையை மட்டும் உங்க வருமானத்துல சேர்ப்பாங்க. எரிபொருள், பராமரிப்பும் கம்பெனி கணக்குன்னா, 1962 விதிகள்படி 1.6 லிட்டர் இன்ஜின் வரை மாசம் 1,800 ரூபாய், அதுக்கு மேல 2,400. ஆபீஸ் வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்த்து ஓட்டுற காருக்கு இது. புது வரி முறையிலயும் பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம் வந்திருக்கறதால, இப்போதைய தொகையை பேரோல்ல கேட்டுக்கோங்க.

2025–26 நிதியாண்டுக்கு ஒரு உதாரணக் கணக்கு. லீஸ், பெட்ரோல், சர்வீஸ் எல்லாம் சேர்த்து மாசம் 40,000 ரூபாய், இன்ஜின் 1.6 லிட்டருக்கு மேல.

- சம்பளம் 30 லட்சம்: 4.8 லட்சத்துல 28,800 போக மீதிக்கு 31.2% வரி மிச்சம். வருஷத்துக்கு சுமார் 1.4 லட்சம்.
- சம்பளம் 12.75 லட்சம்: புது முறையில வரியே பூஜ்யம். மிச்சமும் பூஜ்யம்.

கட்டாத வரியை எப்படி மிச்சம் பிடிக்க முடியும்?

அதோட நிக்கல. காருக்கு என்ன ஜிஎஸ்டி விகிதமோ, அதே விகிதம் மாச வாடகைக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 22-க்கு அப்புறம் பெரிய ஹைபிரிட் எஸ்யூவிக்கு 40%, எலெக்ட்ரிக் காருக்கு 5%. வாடகைக்குள்ள வட்டியும் இருக்கறதால அந்த வட்டி மேலயும் ஜிஎஸ்டி விழும். பேங்க் லோன் வட்டிக்கு அது கிடையாது.

வேலை மாறினா?

நம்ம வயசுல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி மாறறோம். லீஸோ மூணுல இருந்து அஞ்சு வருஷம். நடுவுல ரிசைன் பண்ணா, முன்கூட்டியே முடிக்கற தொகை உங்க ஃபைனல் செட்டில்மென்ட்லயே பிடிக்கப்படலாம். நல்ல ஆஃபர் வந்தும் காருக்காக பழைய வேலையிலயே உக்காந்திருக்கறதுதான் இதுல பெரிய நஷ்டம்.

யாருக்கு சரி?

30% வரி வரம்புல இருக்கீங்க, அடுத்த மூணு வருஷம் இதே கம்பெனிதான்னு உறுதியா தெரியும்னா லீஸ் எடுங்க. வீட்டுல சார்ஜிங் வசதி இருந்தா எலெக்ட்ரிக், இல்லன்னா ஸ்ட்ராங் ஹைபிரிட். பிளக்-இன் வேண்டாம்.

மத்தவங்க முன்பணத்தைச் சேர்த்து, தேவைக்கு ஏத்த காரை சின்ன லோன்ல வாங்குங்க. தினசரி ஆபீஸுக்கு ரயில் சீசன் டிக்கெட் இருக்கவே இருக்கு.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எச்.ஆர்.கிட்ட ஒரே ஒரு கேள்வியை எழுத்துல கேளுங்க: "18-வது மாசத்துல நான் ரிசைன் பண்ணா எவ்வளவு கட்டணும்?" பதில் வந்தப்புறம் ஷோரூமுக்குப் போலாம்.