மலைக்குச் சுமந்த கமரா

இயற்கைக் காட்சிகளைப் படம்பிடிக்க விழையும் மாணவர் பலர், "எந்தக் கமராவை வாங்கலாம்?" என்று வினவுகின்றனர். கேட்கும் முன்பே விலைப்பட்டியல்களைக் கரைத்துக் குடித்திருப்பர்! தந்தையாரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய பொருளாதலின், இவ்வினாவை விளையாட்டாகக் கொள்ளுதல் இயலாது. விடை கூறுமுன், அமெரிக்க இளைஞர் ஒருவரின் முதுகுச் சுமையைச் சற்று அவிழ்த்துப் பார்ப்போம்.

1927ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் நாள், அன்சல் அடம்ஸ் என்னும் 25 வயதினர், கலிபோர்னியாவிலுள்ள யொசெமிற்றிப் பள்ளத்தாக்கின் பனிச்சரிவொன்றில் ஏறினார். 'ஹாவ் டோம்' என்னும் செங்குத்தான கருங்கற் குன்றைப் படம்பிடித்தல் அவர் நோக்கம். முதுகிலே ஏறத்தாழ 40 இறாத்தல் பாரம். 'கொரோனா' என்னும் பெட்டிக் கமரா ஒன்று, வில்லைகள் இரண்டு, ஒளிவடிகட்டிகள் இரண்டு, கண்ணாடித் தகடுகள் 12; மரத்தாலான முக்காலி வேறு. தகடு ஒன்றின் அளவு ஆறரை அங்குலத்துக்கு எட்டரை அங்குலம். பிற்காலத்தில் எங்கும் பரவிய 35 மில்லிமீற்றர்ப் படச்சுருளின் ஒரு படத்தைவிட அது 41 மடங்கு பரப்புடையது. பாறையின் நுண்ணிய பிளவுகளும் அத்துணைப் பரப்பிலே தெளிவாகப் பதியும். அதற்காகவே அவ்வளவு சுமை.

குன்றின் எதிரே நின்றபோது எஞ்சியிருந்தவை இரண்டே தகடுகள். முதலாவதை மஞ்சள் வடிகட்டியுடன் எடுத்தார். எடுத்தபின் ஐயம் பிறந்தது. படம் பழுதாகாது, ஆயினும், தம் நெஞ்சை நடுங்கச் செய்த அக்கம்பீரம் அதில் இராதே! இறுதித் தகட்டுக்குக் கடுஞ்சிவப்பு வடிகட்டியைப் பொருத்தினார். சிவப்பு வடிகட்டி நீல ஒளியைத் தடுத்துவிடும். ஆதலின் கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலவானம் ஏறக்குறைய இருளாகவே மாறும். ஒளி பெரிதும் குறைவதனால் 5 விநாடி நேரம் கமராவைத் திறந்து வைக்க நேர்ந்தது. முக்காலி இன்றேல் அது கைகூடுமா? கரிய வானத்தின்கீழ் அக்குன்று தனித்து நிற்கும் அப்படமே அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது.

மலை காத்திருக்கும், யானை காத்திராது. விலங்குகளை எடுப்போர் கணக்கு வேறு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரும் சென்னையில் வாழ்ந்தவருமான மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்துப் பாரமான கமராவொன்றை அமைத்து, 'சூப்பர் பொண்டறோசா' என வேடிக்கைப் பெயரும் சூட்டினார். பழக்கிய யானைமீது அமர்ந்து காட்டு யானைகளை அணுகிக் கறுப்பு வெள்ளையிலே படம்பிடித்தார். கடைக்காரர் எவரும் அக்கருவியைச் சிபாரிசு செய்திருக்கமாட்டார் என்பது எம் எண்ணம்.

இன்று பலரும் நாடுவது தொலைநோக்கு வில்லை. 50 மில்லிமீற்றர் வில்லைக்குப் பதிலாக 400 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தினால், நின்ற இடத்திலிருந்தே உருவம் 8 மடங்கு பெரிதாகும். கைநடுக்கமும் அவ்வாறே பெரிதாகும். ஆகவே, வில்லைக்குப் பணம் ஒதுக்குவோர் நல்ல முக்காலிக்கும் ஒதுக்குதல் வேண்டும். கமராவின் உடல் பழையதாயினும் குறையில்லை. ஒன்றை மட்டும் நாம் ஒருபோதும் ஒப்போம்: நீண்ட வில்லை இல்லையென்று கூட்டை நெருங்கிப் படம்பிடித்தல். அஞ்சிய தாய்ப்பறவை முட்டைகளைக் கைவிட்டு நீங்கவுங்கூடும்.

எனவே, வாங்க எண்ணும் மாணவர் முதலில் வெறுங்கையுடன் சில காலைப்பொழுதுகள் குளக்கரைக்குச் செல்வாராக. கொக்கு எத்தனை அடி தூரத்தில் எம்மைக் கண்டு எழுந்து பறக்கின்றது என்று அளந்து வந்து கூறின், அவருக்கு எந்த வில்லை வேண்டுமென்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம்.