மலிவு விலைக்குப் பின்னால் இருக்கும் காணி உறுதி

பெருங்கடைகள் சிறு கடைகளை மலிவு விலையால்தான் விழுத்துகின்றன என்று நாம் நினைக்கிறோம். கனடாவில் அவற்றின் கையில் இன்னொரு ஆயுதமும் உண்டு. அது காணி.

ஒரு பிளாசாவுக்கு வரும் பெரிய உணவுச் சங்கிலி, அதே வளாகத்தில் வேறு உணவுக் கடைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். தன் காணியை விற்றுவிட்டுப் போகும்போதுகூட, அங்கே உணவுக் கடை வரக் கூடாது என உறுதியில் நிபந்தனை போடலாம். கடை போன பின்பும் தடை நிற்கும். காரில்லாத முதியவர்களும் புதிதாக வந்த குடும்பங்களும் அரிசி, மரக்கறிக்குப் பேருந்து ஏற வேண்டிவரும்.

கனடாவின் போட்டிப் பணியகம் 2023 யூனில் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய நிபந்தனைகளை அரசுகள் மட்டுப்படுத்த வேண்டும், தடையும் செய்யலாம் என்றது. நாட்டின் உணவு விற்பனையில் முக்கால் பங்குக்கு மேல் லோப்லோஸ், சோபீஸ், மெற்றோ, வோல்மார்ட், கொஸ்ற்கோ ஆகிய ஐந்தின் கையில் இருப்பதையும் அது காட்டியது.

ஸ்காபரோவின் தமிழ்க் கடைகள் பல வாடகைப் பிளாசாக்களில்தான் நடக்கின்றன. புதிதாக வந்த பலருக்கு முதல் வேலை கொடுத்தவையும் அவைதான். அவற்றைக் காக்க, "எங்கள் கடையில் வாங்குங்கள்" என்ற வேண்டுகோள் மட்டும் போதாது. வாக்குக் கேட்டு வரும் மாகாண வேட்பாளரிடம் இந்த நிபந்தனைகளைப் பற்றியும் கேட்க வேண்டும். கடை தொடங்க முன், வாடகையைப் பார்ப்பதுபோல் பிளாசாவின் ஒப்பந்தத்தையும் சட்டத்தரணியிடம் காட்டிப் பார்க்க வேண்டும்.