முன்வண்டி விலகிய பின்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விருதுநகர் - சிவகாசிச் சாலை வெளியூர்க் கார்களால் நிரம்பிவிடும். மதுரையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பட்டாசு வாங்க வருபவர்கள். நான்குவழிச் சாலையில் சீராக ஓடிவந்த வண்டிகள், விருதுநகரில் திரும்பியதும் லாரிகளுக்கும் கம்பெனி வேன்களுக்கும் இடையே நின்று நின்று நகரத் தொடங்குகின்றன. இந்தப் பத்தாண்டில் வந்த கார்கள் பலவற்றில் அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல் என்றொரு வசதி உண்டு. முன்னே செல்லும் வண்டியின் தூரத்தை ரேடாரால் அளந்து, தானே முடுக்கி, தானே பிரேக் போட்டுப் பின்தொடரும் ஏற்பாடு. (தகவமை வேகக் கட்டுப்பாடு என்று தமிழாக்கிப் பார்த்தோம், ஓட்டுபவர் எவரும் 'குரூஸ்' என்பதைத் தாண்டிச் சொல்லப்போவதில்லை.) தானியங்கி கியர் கொண்ட சில கார்களில் அது வண்டியை முழுக்க நிறுத்தி மறுபடி கிளப்பவும் செய்யும். நான்குவழிச் சாலையில் போட்டதை இந்தச் சாலையிலும் அணைக்காமல் வருகிறவர்களைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம். அணைத்துவிட வேண்டும் என்பது நம் கட்சி.

இயந்திர வெறுப்பு என்று இதைக் கொள்ள வேண்டாம். குரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர். அவருடைய வழக்கறிஞர் காரோட்டியபடி பேசும்போது வேகம் குறையுமாம், கேட்கும்போது கூடுமாம். அந்தக் குலுக்கல் பொறுக்காமல்தான் டீட்டர் இதில் இறங்கினார் என்று சொல்வதுண்டு. 1950இல் காப்புரிமை கிடைத்தது, 1958இல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் அவஸ்தையிலிருந்து பிறந்த பொருள் என்பதால் நமக்கு அதன்மேல் பிரியமே உண்டு.

இன்றைய குரூஸ் இடைவெளியை வினாடிக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. இரண்டு வினாடி என்றால், 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 11 மீட்டர். இயந்திரத்துக்கு அந்த 11 மீட்டர் பாதுகாப்பு. டிவிஎஸ் எக்ஸெல்லில் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டு திருத்தங்கல் பக்கம் போகிறவருக்கு அது காலி இடம். நுழைவார். கார் பிரேக் போட்டுப் பின்தங்கும். புதிதாக உண்டான இடைவெளியில் ஒரு குட்டியானை நுழையும். பின்னாலிருக்கும் லாரிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பார். இதுவரை சிரித்துவிட்டுப் போகலாம்.

சிரிக்க முடியாதது வேறொன்று. இயந்திரம் முன்வண்டியைப் பின்பற்றுகிறது என்பது பாதி உண்மைதான். 80 என்று நாம் வைத்த எண்ணை அது மறப்பதேயில்லை. முன்னே ஒன்று தடுத்துக்கொண்டிருப்பதால் மட்டுமே 15இல் ஊர்கிறது. காகிதச் சுருள் ஏற்றிய லாரி அச்சகத்துக்குள் திரும்பிவிட்டால், எதிரே வழி திறந்தது என்று கணக்கிட்டு 80ஐ நோக்கி முடுக்கத் தொடங்கும். மாலையில் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய பெண்கள், அந்த லாரியின் மறைவிலிருந்துதான் சாலையைக் கடந்துகொண்டிருப்பார்கள். ஓட்டுநரின் காலோ பிரேக்கில் இல்லை. ஓய்வெடுக்கட்டும் என்றுதானே காலை எடுத்தார்!

நின்றுகொண்டிருக்கும் பொருளைக் கணிப்பதும் ரேடாருக்குப் பழைய சிக்கல். பாலம், பெயர்ப்பலகை, மின்கம்பம் யாவும் காரை நோக்கி அதே வேகத்தில் வருவதாகவே அதற்குத் தெரியும்; எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓடாது என்பதால், அசையாதவற்றை ஒதுக்கும்படி பழைய அமைப்புகள் செய்யப்பட்டன. கேமராவும் தானியங்கி அவசர பிரேக்கும் சேர்ந்த பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆயினும், நின்றிருக்கும் வண்டியைக் கவனிக்காமல் போகக்கூடும் என்ற எச்சரிக்கை கையேடுகளில் இன்றும் இருக்கிறது. பழுதாகி நிற்கும் லாரிக்குப் பின்னே நாலு கல்லும் ஒரு வேப்பங்கிளையும் வைப்பது நம் சாலை மரபு. கிளைக்கு அர்த்தம் நமக்குத் தெரியும். அந்த லாரியில் பட்டாசுப் பெட்டிகள் இருக்கலாம் என்பதும் இந்த வட்டாரத்தில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

நெரிசலாவது குறையாதா என்று கேட்கலாம். 2008இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வொன்றில், 230 மீட்டர் வட்டப்பாதையில் 22 கார்களை ஓடவிட்டார்கள். எந்தத் தடையும் இல்லாமலே கார்கள் நின்று புறப்படும் அலை உருவாயிற்று. பின்னர் அமெரிக்க ஆய்வாளர்கள், விற்பனையிலுள்ள ஏழு கார்களின் குரூஸைச் சோதித்தபோது, ஏழுமே அந்த அலையை வளர்ப்பவையாக இருந்தன: முன்வண்டி லேசாக வேகம் குறைத்தால் பின்வண்டி சற்று அதிகமாகக் குறைக்கிறது, அதற்குப் பின்னால் உள்ளது இன்னும் அதிகமாக. அரிசோனாவில் நடந்த வேறொரு சோதனையில், இதற்கென்றே நிரல் எழுதப்பட்ட ஒரே கார் இருபது கார்களின் அலையை அடக்கிக் காட்டியது. ஆகவே, கூடாத காரியம் அல்ல. கடையில் நாம் வாங்கியது அந்தக் கார் இல்லை, அவ்வளவுதான்.

சிவகாசி லாரிக்குப் பின்னால் ஊர்கிறவர் பார்ப்பது தூரத்தை மட்டுமா? கிளீனர் பக்கத் தகரத்தைத் தட்டுவது, ஓட்டுநரின் கை ஜன்னலுக்கு வெளியே தாழ்ந்து அசைவது, எக்ஸெல்காரர் ஒருகணம் தலையைத் திருப்புவது — அடுத்து நடக்கப்போவதை இவைதான் சொல்கின்றன. ரேடார் அறிவது தூரமும் வேகமும், எண்ணத்தை அல்ல.

வைத்த எண்ணை 30க்கு இறக்கிக்கொண்டால் போதாதா என்பார்கள் சில நண்பர்கள். பட்டாசு ஆலைகள் விடும் நேரத்தில், அந்தச் சாலையில் 30உம் அதிகம். நான்குவழிச் சாலையை விட்டு இறங்கும்போதே ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானை அழுத்தி அணைத்துவிடுங்கள். மிச்சமுள்ள 25 கிலோமீட்டரோ என்னவோ, காலாலேயே ஓட்டிவிடலாம். திரும்பும்போதும் அப்படியே. அப்போது டிக்கியில் இருப்பது பட்டாசு.