ஆதார் இருக்கு, நாடு இல்லை: இலங்கைத் தமிழ் அகதிகள் எங்கேதான் போவது?

ஆவடி பக்கம் கோவில்பதாகையில் இருக்கும் ஒரு இளைஞருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தால், பாஸ்போர்ட்டுக்கு அப்ளை செய்துவிடுவார். அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி முகாமில் அகதிப் பெற்றோருக்குப் பிறந்து, இங்கேயே டிகிரி முடித்தவருக்கு இந்திய பாஸ்போர்ட் கிடைக்காது. கையில் ஆதார் இருக்கும். ஆனா, ஆதார் குடியுரிமைக்கான சான்று கிடையாது.

ஏன் இந்த நிலை?

1983 ஜூலை கலவரத்தில் தொடங்கி, படகேறி வந்த குடும்பங்கள் இவை. முகாம்களிலும் வெளியிலுமாக தமிழ்நாட்டில் சுமார் 90,000 பேர். 1951 ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென தனிச் சட்டமும் இல்லை.

1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்திருந்தால், பிறப்பாலேயே இந்தியர். அதன் பிறகு என்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். 2004 டிசம்பர் 3 முதல், இன்னொருவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாகவும் இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் வந்த அகதிகள் மீது விழுந்திருக்கும் முத்திரையே அதுதான். 2019 சிஏஏ-விலும் இலங்கை இல்லை.

2025 செப்டம்பரில் ஒரு சலுகை வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் தங்கியதற்காகத் தண்டனை கிடையாது. நிம்மதிதான். ஆனா, ‘தண்டிக்க மாட்டோம்’ என்பது வேற, ‘நீங்க இந்த நாட்டுக்காரர்’ என்பது வேற.

போர்தான் முடிஞ்சிருச்சே, திரும்பிப் போகலாமே?

போர் முடிந்தது 2009 மே மாதம். 16 வருஷம் கழித்து, 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு ஊர் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். உரிய ஆவணமில்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினார் என்பதுதான் குற்றச்சாட்டு. குண்டு விழும்போது யார் இமிக்ரேஷன் கவுன்ட்டரில் வரிசையில் நிற்பார்கள்?

இங்கே வந்தது தப்பு, அங்கிருந்து போனதும் தப்பு. ஒரே படகுப் பயணத்துக்கு ரெண்டு நாட்டிலும் குற்றவாளிப் பட்டம்.

என்ன செய்யலாம்?

போர்க்காலத்தில் தப்பி வந்தவர்கள் மீது வழக்கு கிடையாது என்பதை கொழும்பு சட்டமாகவே எழுதித் தரணும். அமைச்சர்களின் வாய்மொழி உறுதி போதாது. ‘சட்டவிரோதக் குடியேறி’ முத்திரையை நீக்கி, இங்கே பிறந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க டெல்லி வழிவிடணும். இருக்கவும் வழி, போகவும் வழி என்று ரெண்டும் திறந்திருந்தால்தான், ஊர் திரும்புவது அவர்களே எடுத்த முடிவாக இருக்கும். இல்லாவிட்டால் அதற்குப் பேர் வெளியேற்றம்.